இட்லித் தட்டும் கறுப்புக் காரும்

செப்டம்பர் 12, வெள்ளி

தண்டபாணி சார் என்னைக் கறுப்புக் காருக்கு முன்னால் நிறுத்தி, குனிந்து பார்க்கச் சொன்னார். பார்த்தேன். என் முகம் தெரிந்தது. நாற்பத்தாறு வயதுக்கு மோசமில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. முகத்தைப் பார்க்காதே, பெயிண்டைப் பார் என்றார்.

பெயிண்டைப் பார்த்தேன். வெயில் விழுந்த இடத்தில் எல்லாம் சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாகப் பொடிக் கோடுகள். தள்ளி நின்றால் தெரியாது. கிட்டே போனால் பாவமாக இருக்கிறது. நீ துடைத்துத் துடைத்து வந்ததுதான் என்றார்.

கோயமுத்தூரில் இந்த அபார்ட்மெண்டுக்கு வந்து ஆறு வருடமாகப் பத்துக் கார் கழுவுகிறேன். வெள்ளை ஏழு, சிவப்பு இரண்டு, சாம்பல் ஒன்று. யாரும் ஒரு குறை சொன்னதில்லை. வெள்ளையில் கோடு விழுந்தால் யார் கண்டார்கள். இந்தப் பதினோராவது கறுப்பு மட்டும் என் கைக்கு வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. அதை யாரையும் தொட விடாமல் கழுவிக்கொண்டிருந்தவர் சாரின் டிரைவர் குழந்தைவேலு. அவர் மாடிப்படியில் வழுக்கி வலது மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டார்.

சார்தான் அபார்ட்மெண்ட் சங்கத்துச் செயலாளர். மெஷின் வைத்து நுரை அடித்துக் கழுவும் கம்பெனி ஒன்று, பதினோரு காரையும் எங்களுக்கே கொடுங்கள் என்று அவரிடம் நோட்டீஸ் கொடுத்திருக்கிறது. ஆயுத பூஜை முடிந்த ஞாயிறு, அக்டோபர் ஐந்தாம் தேதி, சங்கக் கூட்டம். அதற்குள் கறுப்புக் காரில் புதுக் கோடு ஒன்று விழுந்தாலும் எல்லாக் காரும் கம்பெனிக்கு. விழாவிட்டால் எனக்கு. இன்றைய கோடுகளை எல்லாம் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டார். இந்த டைரியைக் கொடுத்து, தினமும் எப்படிக் கழுவினாய் என்று எழுதிக் கூட்டத்தில் காட்டு என்றார்.

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன் என்றேன். எழுது, போதும் என்றார். எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

காலை ஆறு மணிக்கு வாளியோடு போனால் கறுப்புக் கார் பக்கத்தில் குழந்தைவேலு நிற்கிறார். எனக்குச் சொல்லிக்கொடுக்கச் சார் அனுப்பியிருக்கிறார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல். மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு இஸ்திரி எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். இடது கையால் என்றார். அதோடு பேச்சு முடிந்தது. எட்டு வருடமாக இங்கே இருக்கிறார், வருடத்துக்கு ஒரு வாக்கியம் பேசியிருப்பார்.

மனைவி இறந்து ஒன்பது வருடம் என்று கேள்வி. என் வீட்டுக்காரர் போய்ப் பதினொன்று. இதை ஏன் எழுதினேன் தெரியவில்லை. பேனாவில் எழுதியதால் அழிக்க முடியவில்லை.

முதலில் என் துணியைக் கேட்டார். திருப்பூர் பனியன் வேஸ்ட். என் மகள் பூவிழி அங்கே பனியன் கம்பெனியில் இருக்கிறாள், மூட்டையாகக் கொடுத்தனுப்புவாள். அவர் அதை இடது கையால் தடவிக்கொண்டே வந்தார். ஒரு தடித்த தையல். அரைப் பொத்தான். ஒரு ஜிப்பின் வால். எல்லாவற்றையும் வரிசையாகத் தரையில் வைத்தார்.

"இதுல தொடைக்கறதுக்கு உப்புத்தாள வெச்சே தேச்சிருக்கலாமுங்க."

பிறகு என் கையைப் பார்த்தார். வலது கையில் இரண்டு ரப்பர் வளையல், அதில் ஐந்து ஊக்கு தொங்கும். சேலைக்கு ஒன்று, செருப்பு அறுந்தால் ஒன்று, மற்றது அவசரத்துக்கு. வளையலைக் கழற்றுங்கள் என்றார். முடியாது என்றேன். வெறுங்கையோடு வேலை செய்ய எனக்குப் பிடிக்காது.

போனார். ஒரு கறுப்பு சாக்ஸோடு திரும்பி வந்தார், விரல் பக்கம் வெட்டியிருந்தது. அதைக் கையில் மாட்டி வளையலுக்கு மேலே இழுத்துவிட்டுக்கொள்ளச் சொன்னார். துவைத்ததுதானா என்று முகர்ந்து பார்த்தேன். அவர் காது சிவந்துவிட்டது. துவைத்ததுதான்.

கழுவியது: கறுப்புக் கார். புதுக் கோடு: இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று கற்றது. முதலில் வெறும் தண்ணீர், மேலிருந்து கீழே. தூசி தானாக இறங்கிப் போக வேண்டும். கை அப்புறம்தான். நான் இத்தனை நாள் தூசியோடு சேர்த்துத் தேய்த்திருக்கிறேன். வாளி இரண்டு வேண்டும். ஒன்றில் ஷாம்பூ, இன்னொன்றில் தண்ணீர். தேய்க்க அவர் கொடுத்த பஞ்சுக் கையுறையைத் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவில் விட வேண்டும். துணி துவைக்கிற பவுடரைக் காரின் பக்கமே கொண்டுவரக் கூடாது, பளபளப்பைத் தின்றுவிடுமாம். என் தலைக்கே சீயக்காய்தான், இவருக்கு ஷாம்பூவா என்று காரைக் கேட்டேன். கார் பதில் சொல்லவில்லை, டிரைவரைப் போலவே.

தேய்ப்பது நேராகத் தேய்க்க வேண்டும், வட்டம் போடக் கூடாது. ஆறு வருடமாகப் பத்துக் காரிலும் நான் தோசை வார்த்திருக்கிறேன்.

சக்கரம் கடைசியில், அதற்குத் தனித் துணி. கீழே விழுந்த துணியை அன்றைக்கு மறுபடி எடுக்கக் கூடாது.

அலசுகிற வாளியில் கையுறையை விட்டால் அடியில் தங்கிய மணல் கலங்கி மறுபடி ஒட்டிக்கொள்கிறது. அதைப் பார்த்து அவர் முகம் வாடிப்போனது. நான் ஓடிப்போய் வீட்டிலிருந்து இட்லித் தட்டைக் கொண்டுவந்து, குழிகளைக் கவிழ்த்து வாளியின் அடியில் வைத்தேன். ஓட்டை வழியாக மணல் கீழே போனது, மேலே வரவில்லை. அவர் வாளிக்குள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு வருசமா எனக்கு இது தோணலைங்களே."

"இட்லி திங்கறவங்களுக்குத் தோணும். நீங்க ஓட்டல்ல உப்புமா திங்கறீங்க போல."

சிரித்தார். பல் வரிசையாக இருக்கிறது. எட்டு வருடமாக யாருக்கும் காட்டாமல் வைத்திருந்திருக்கிறார்.

புதுக் கோடு: இல்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

மழை. கார் கழுவவில்லை. யாரும் வரவில்லை. நாள் நகரவே இல்லை.

செப்டம்பர் 17, புதன்

போர்வெல் தண்ணீரில் கழுவி அப்படியே விட்டால் உப்பு பூத்து, கார் முழுக்க வெள்ளைப் புள்ளி. அதைச் சுரண்டினால் கோடு. அதனால் கடைசி அலசல் மட்டும் சிறுவாணித் தண்ணீரில். எங்கள் லைன் வீட்டுக் குழாயில் வருகிற சிறுவாணியில் ஒரு குடம் எடுத்து வந்தேன். குடிக்கிற தண்ணீரைக் காருக்கு ஊற்றுகிறாயா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். மாப்பிள்ளைக்குக் கால் கழுவ என்றேன். எந்த மாப்பிள்ளை என்று கேட்டாள். கார்தான், வேறு யார்.

குழந்தைவேலுவுக்குக் கை சரியில்லாததால் சாரே கார் ஓட்டுகிறார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, லாரி வருதுங்க, லாரி வருதுங்க என்கிறாராம். சுகுணா மேடம், சாரின் சம்சாரம், இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்று துடைப்பது. பூவிழியிடம் போனில் சொல்லி, தையலும் ஓரமும் இல்லாத புதுத் துணியாக நாலு வாங்கி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்துவிட்டது. பஞ்சு மாதிரி இருக்கிறது. எதற்கம்மா திடீரென்று இவ்வளவு அக்கறை என்று கேட்டாள். வேலை போய்விடும் என்றேன். வேலைக்கு மட்டுமா என்றாள். போனில் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அழுத்தித் துடைக்கக் கூடாதாம். துணியை விரித்து, தூங்குகிற குழந்தைக்குப் போர்வை போடுவது போல மேலே போட்டு, இரண்டு முனையையும் பிடித்து மெதுவாகத் தன் பக்கம் இழுக்க வேண்டும். தண்ணீரைத் துணி தானாகக் குடித்துவிடும். கண்ணாடி முடுக்கிலும் கதவு இடுக்கிலும் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும்.

இதை அவருக்கு வாயால் சொல்ல வரவில்லை. இடது கையால் காட்டினால் கோணலாகப் போகிறது. கடைசியில் கட்டுப் போட்ட கையை என் கைமேல் வைத்து இழுத்துக் காட்டினார். மூன்று தடவை. எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. சொன்னால் அவர் மனசு கஷ்டப்படும் என்று சொல்லவில்லை.

எப்போதும் அவரைக் குழந்தைவேலண்ணா என்றுதான் கூப்பிடுவேன். இன்று அண்ணா வரவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது. மிளகு கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டும்.

இன்னொன்று. இந்த அபார்ட்மெண்டில் எண்பது வயதுக்காரர்கூட என்னை மயிலக்கா என்பார். இவர் ஒரு நாளும் அக்கா என்றதில்லை. ஏனுங்க என்பதோடு சரி. இன்றுதான் கவனித்தேன்.

புதுக் கோடு: இல்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

கம்பெனிக்காரர்கள் வந்து கழுவிக் காட்டினார்கள். மூன்றாம் மாடி நாச்சிமுத்து சாரின் வெள்ளைக் கார். மூன்று பேர், ஒரே நிறத்தில் சட்டை, துப்பாக்கி மாதிரி ஒரு குழாய். நுரை அடித்ததும் கார் காணாமல் போனது. பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. நாலே நிமிடம். நான் நாற்பது நிமிடம் எடுப்பேன்.

பதினோரு காரும் போனால் ஆறு மணிக்கு எழுந்து நான் என்ன செய்வேன்.

தண்ணீரை வேகமாக அடித்ததில் நாச்சிமுத்து சார் பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பாதி பிய்ந்துவிட்டது. வேலும் மயிலும் போட்ட ஸ்டிக்கர். வேல் சாக்கடையோடு போய்விட்டது, மயில் மட்டும் தனியாக நின்றது. பார்க்க என்னவோ போல் இருந்தது. குழந்தைவேலு சாக்கடைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்கு எதற்கு அந்த வேலை.

அவர்கள் துடைத்த துணியை நான் பார்த்தேன். ஒரே துணி, சக்கரத்துக்கும் அதுதான், கூரைக்கும் அதுதான். குழந்தைவேலுவைப் பார்த்தேன். அவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசியது போல இருந்தது.

செப்டம்பர் 23, செவ்வாய்

காக்காய் எச்சம், பானெட்டில். காய்ந்ததைச் சுரண்டக் கூடாது. ஈரத் துணியை அதன்மேல் போட்டுப் பத்து நிமிடம் விட வேண்டும். ஊறி, தானாக விட்டுவிடும்.

அந்தப் பத்து நிமிடமும் சும்மா நிற்க வேண்டியதாகிவிட்டது. நான் ஊர்க்கதை சொன்னேன். அவர் கேட்டார். பத்து நிமிடம் முடிந்தது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எச்சத்தில் பாதி மறுபடி காய்ந்துவிட்டது. மறுபடி பத்து நிமிடம்.

அப்புறம் ஒன்று நடந்தது. வாளி நிறையத் தண்ணீர். நான் திரும்பி நின்று குடத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் பார்த்தால் அவர் அந்த வாளியைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கிறார். வலது கையால். கட்டுப் போட்ட கையால். முகம்கூடச் சுளிக்கவில்லை.

நான் பார்க்கவில்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 24, புதன்

கட்டு எப்போது பிரிப்பீர்கள் என்று கேட்டேன். இன்னும் வலி இருக்கிறதாம். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். மணிக்கட்டைக் காட்டுவதற்குப் பதிலாக முழங்கையைக் காட்டினார். வலி ஏறிக்கொண்டே போகுதுங்களா, நாளைக்குக் கழுத்துக்கு வந்துருமுங்களா என்றேன். காது சிவந்தது.

நல்ல மனுசர். பாவம், வலி.

செப்டம்பர் 27, சனி

பழைய சேலைகள் எல்லாம் துவைக்கக் கிடக்கின்றன. அதனால் பச்சை வாயில் சேலையைக் கட்டிக்கொண்டு கார் கழுவினேன். நேற்றும் அதனால்தான் கத்தரிப்பூ நிறம்.

சார் இறங்கி வந்து, வெயிலில் காரைத் தள்ளி நிறுத்தி, போனில் இருக்கிற படத்தையும் காரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பழைய கோடு அப்படியே இருந்தது. புதிது ஒன்றும் இல்லை. ம் என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தால் சந்தனம் பூசியது மாதிரி.

இன்னும் எட்டு நாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளைக்கு ஆயுத பூஜை. பதினோரு காரையும் இன்று கழுவினேன். எல்லாவற்றுக்கும் இரண்டு வாளி, இட்லித் தட்டு. இடுப்பு இரண்டாகிவிட்டது. குழந்தைவேலு ஏழு வாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இடது கையால். நான் பார்க்கும்போது இடது கையால்.

பூமார்க்கெட் போய்க் காருக்கு மாலையும் உதிரி மல்லிகையும் வாங்கினேன்.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

எல்லாக் காருக்கும் வாழைக்கன்று கட்டி, பொட்டு வைத்து, கீழே வரிசையாக நின்றது பெண் அழைப்பு மாதிரி இருந்தது. சார் தன் காருக்குத் தானே பூஜை செய்வேன் என்று அரை டப்பா விபூதியைத் தண்ணீரில் குழைத்து பானெட்டில் மூன்று பட்டை போட்டார். ஒவ்வொன்றும் என் கை அகலம். நடுவில் தோசைக் கரண்டி அளவுக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். பூசணிக்காய் உடைத்தார். சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, அவரே ஏற்றி ஓட்டினார். ஒரு பழம் தப்பித்துவிட்டது. மறுபடி ஏற்றினார்.

குழந்தைவேலு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார், காய்ந்த விபூதியும் மணலும் ஒன்றுதான், நாளைக்கு ஈரத் துணி போட்டு நன்றாக ஊற வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும், வெறும் துணி பட்டால் கதை முடிந்தது என்று. காக்காய் எச்சத்துக்குச் செய்த மாதிரியா என்று கேட்டேன். சாமி குத்தமுங்க என்று வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

மல்லிகை ஒரு முழம் மிச்சமாகிவிட்டது. பூ வீணாகக் கூடாது. பதினோரு வருடமாக நான் பூ வைப்பதில்லை. வைத்துக்கொண்டேன். வீணாகக் கூடாது என்றுதான்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் பார்த்தார்.

அக்டோபர் 2, வியாழன்

கோடு விழுந்துவிட்டது. ஒரு சாண் நீளம். பானெட்டில், நட்ட நடுவில். நான்தான்.

அக்டோபர் 3, வெள்ளி

நேற்று எழுத வரவில்லை. இன்று எழுதுகிறேன்.

நேற்றுக் காலையில் ஈரத் துணி போட்டு ஊற வைக்க மட்டும் போனேன். தேய்க்கிற வேலை இல்லையே என்று சாக்ஸ் மாட்டவில்லை. அவர் வந்தார். துணியை நான் இன்னும் நனைக்கக்கூட இல்லை. அவர் காரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நேத்துப் பூவு நல்லா இருந்துச்சுங்க."

காருக்கு நல்லதாக வாங்கினேன் என்றேன்.

"காருல இருந்தத நான் பாக்கலைங்க."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. எனக்கு. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், என் வாயை அடைக்க இதுவரை ஆள் பிறக்கவில்லை. அவர் விடவில்லை.

"கட்டுப் பிரிச்ச பொறவும் காலைல ஆறு மணிக்கு நான் இங்க வந்து நின்னா, ஏதாச்சும் நெனச்சுக்குவீங்களா?"

என்ன செய்வதென்று தெரியாமல் கை முந்தானையைப் பிடித்தது. முந்தானை பானெட்டைத் துடைத்தது. குழந்தை மூக்கைத் துடைப்பது போல, வறட்டு விபூதியை, வறட்டுத் துணியால். வளையலில் இருந்த ஊக்கு வேறு. கிரீச் என்று ஒரு சத்தம். இருபது நாள் கற்றது எல்லாம் அந்த ஒரு இழுப்பில் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து சார் செருப்புச் சத்தத்தோடு இறங்கி வருகிறார். கோட்டைப் பார்த்தார். யாரு என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் குழந்தைவேலு, "நானுங்க சார்" என்றார்.

"எந்தக் கையில?"

அவர் கட்டை அவிழ்த்தார். அங்கேயே நின்று, சுற்றுச் சுற்றாக. முடிக்க நேரமானது, நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு மணிக்கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார்.

"கை சரியாப் போயி பதினஞ்சு நாளாச்சுங்க சார்."

சாருக்குக் கோட்டைவிட அது பெரிதாகப் பட்டுவிட்டது. அப்ப பதினஞ்சு நாளா நான் எதுக்குய்யா லாரிக்கு நடுவுல வண்டி ஓட்டுனேன் என்று கேட்டார். குழந்தைவேலு என்னைப் பார்க்காமல் இருப்பதற்கு ரொம்பப் பாடுபட்டார்.

நான் சொன்னேன்: "அவரு பொய் சொல்றாருங்க சார். நான்தான். ஊக்குங்க, இதா."

ஊக்கைக் காட்டினேன். சார் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ஆளாளுக்குத் தப்பைப் பிடுங்கிக்கொள்வதை அவர் மில்லில் மேனேஜராக இருந்த காலத்தில்கூடப் பார்த்ததில்லையாம். கோட்டை யாரும் தொடக் கூடாது, இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், அந்த டைரியைக் கொண்டு வா, அதில் உண்மை இருக்கும் அல்லவா என்றார்.

டைரி. அதை மறந்தே போனேன்.

அக்டோபர் 4, சனி

இதை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். கார் பற்றிக் கொஞ்சம் இருக்கிறது.

வேறு ஒரு நோட்டு வாங்கி, புதிதாக எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கழுவினேன், துடைத்தேன், கழுவினேன், துடைத்தேன். நாலு நாள் எழுதியதும் எனக்கே தூக்கம் வந்தது. அதில் இரண்டாம் தேதிக்கு என்ன எழுதுவது. கோடு எப்படி விழுந்தது என்று எழுதாவிட்டால் பழி அவர் தலையில் நிற்கும். எட்டு வருட வேலை. எப்படி விழுந்தது என்று எழுதினால், எழுதியாகிவிட்டதே, நேற்று.

இதையே கொண்டுபோகிறேன். போனால் கார் போகட்டும்.

சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது, பசி மட்டும் வரவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

கார் நிறுத்துகிற இடத்திலேயே நாற்காலி போட்டுக் கூட்டம். கறுப்புக் கார் நடுவில், குற்றவாளிக் கூண்டில் நிற்பது போல. நானும் குழந்தைவேலுவும் ஆளுக்கொரு பக்கம்.

சார் டைரியைப் படிக்கச் சொன்னார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. கொடு, நான் படிக்கிறேன் என்று கை நீட்டினார். நான் டைரியை மார்போடு பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் சுகுணா மேடம் எழுந்து வந்து, பெண்பிள்ளை எழுத்து எனக்குத்தான் புரியும் என்று வாங்கிக்கொண்டார்.

படித்தார். எல்லோரும் காத்திருந்தோம். இரண்டாவது பக்கத்தில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். நாலாவது பக்கத்தில் குழந்தைவேலுவை ஒரு பார்வை பார்த்தார். அவர் கறுப்புக் காரின் டயரைப் பார்த்தார். நான் குழாயைப் பார்த்தேன். பூமி பிளந்து உள்ளே போவது என்பார்கள், கோயமுத்தூரில் பாறையாக இருக்கிறது, பிளக்கவில்லை.

என்ன போட்டிருக்கிறது என்று சார் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"கோடு போட்டது மயிலுதான்னு எழுதியிருக்குது. எதுக்குப் போட்டாளுன்னும் எழுதியிருக்குது. அது உங்களுக்கு வேண்டாம்."

அப்படியானால் கோடு விழுந்தது விழுந்ததுதான், பேச்சு என்றால் பேச்சு என்றார் சார். மேடம் டைரியை மூடினார்.

"கழுவறப்ப கோடு விழுந்தாத்தானுங்க பேச்சு? இது கழுவறதுக்கு முன்னாடி விழுந்தது. அரை டப்பா விபூதிய அள்ளி அப்புனது யாருங்க?"

சார் தலையைத் தடவிக்கொண்டார். நாச்சிமுத்து சார் பின்னாலிருந்து, எங்க வேல் இன்னும் திரும்பி வரலை, நான் மயிலக்காவுக்குத்தான் என்று கையைத் தூக்கினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கையாகத் தூக்கினார்கள். சார் போன் படத்தை எடுத்து, கதவு கதவாகக் காரோடு வைத்துப் பார்த்தார். அந்த ஒரு சாணைத் தவிர புதிதாக ஒரு மயிரிழைகூட இல்லை. கடைசியில் அவரும் கையைத் தூக்கினார், காதைச் சொறிவது போல.

தீர்ப்பு இதுதான். பதினோரு காரும் எனக்கு. கோட்டைக் குழந்தைவேலு தன் நல்ல கையால் பாலிஷ் போட்டு எடுக்க வேண்டும். நாளையிலிருந்து வண்டியையும் அவரே ஓட்ட வேண்டும், சாருக்கு லாரியைப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறதாம்.

டைரியைத் திருப்பிக் கொடுக்கும்போது மேடம் என் காதில் சொன்னார்: "பேனா தீந்துபோனாச் சொல்லு மயிலு. வாங்கித் தர்றேன்."

அக்டோபர் 8, புதன்

அவர் கோட்டின்மேல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். நகம் மாட்டவில்லை, அப்படியானால் மேல்தோல்தான், போய்விடும் என்றார். விரல் நுனியில் மருந்தைத் தொட்டு, துணியில் வைத்து, அவசரமே இல்லாமல் தேய்த்தார். வலது கையால். கட்டு இல்லாமல் அந்தக் கையை இப்போதுதான் சரியாகப் பார்க்கிறேன். கட்டுப் போட்டிருந்த இடம் மட்டும் வெளுத்திருக்கிறது.

பதினைந்து நாள் எதற்கு நடித்தீர்கள் என்று கேட்டேன். நீங்கள் எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று திருப்பிக் கேட்டார். இருபத்து மூன்றாம் தேதி, வாளி என்றேன். அப்படியானால் நீங்களும்தான் நடித்திருக்கிறீர்கள் என்றார். வருடத்துக்கு ஒரு வாக்கியம் பேசுகிற ஆளிடம் தோற்பது இதுதான் முதல் தடவை.

அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்றேன். சொல்லுங்க என்றார், துணியை நிறுத்தாமல்.

"ஆறு மணிக்குன்னா ஆறு மணிக்கு வரணும். அஞ்சு நிமிசம் லேட்டானாலும் நான் தண்ணி ஊத்த ஆரம்பிச்சிருவேன்."

கோடு போய்விட்டது. குனிந்து பார்த்தேன். முகம் தெரிந்தது. இரண்டு.

அக்டோபர் 12, ஞாயிறு

டைரி இனி வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார். பக்கம் மிச்சம் இருக்கிறது, வீணாகக் கூடாது.

நாச்சிமுத்து சாருக்கு வேலும் மயிலும் ஸ்டிக்கர் வாங்க மருதமலைக்குப் போனேன். குழந்தைவேலுவும் ஸ்டிக்கர் வாங்கத்தான் வந்தார். ஒரு ஸ்டிக்கர் வாங்க இரண்டு பேர் எதற்கு என்று பூவிழி போனில் கேட்டாள். நல்லதாகப் பார்த்து எடுக்க என்றேன்.

எல்லோரையும் எட்டு வருடம் காரில் ஏற்றி ஓட்டியவருக்கு பஸ்ஸில் சும்மா உட்காரத் தெரியவில்லை. மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. கேலி செய்துகொண்டே வந்தேன். மூன்றாவது வளைவில் பஸ் சட்டென்று ஒடித்துத் திரும்பியது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால் அவர் கையைப் பிடித்தேன். வளையலையும் ஊக்கையும் காலையிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தேன், அதனால் ஒன்றும் கீறவில்லை.

முன்சீட்டில் ஒரு கம்பி இருந்திருக்கிறது. இறங்கும்போதுதான் பார்த்தேன்.